"சின்ன எரண்ட்தான், ஜெயராணி"

1. முதல் பாடம்

ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த முதல் நாள் என் கைடு எனக்கு ஓர் ஆங்கில வார்த்தையின் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் எனக்கு வேறு எதையும் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகமில்லை.

அப்போது நான் கடலூரில் ஒரு தனியார் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் உதவிப் பேராசிரியர். எங்கள் துறைத் தலைவர் புருஷோத்தமன் சார்தான் கைடு. வேலை பார்த்துக்கொண்டே பார்ட் டைமாக பிஎச்.டி. செய்கிறவளுக்கு இதைவிட வசதி கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். கைடு பக்கத்து அறையிலேயே இருக்கிறார், சந்தேகம் என்றால் எழுந்து போய்க் கேட்டுக்கொள்ளலாம். பக்கத்து அறையில் இருக்கிறவளைக் கூப்பிடுவதும் சுலபம் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

முதல் அத்தியாயத்துக்கான குறிப்புகளோடு போய் நின்றேன். வாங்கி மேசை ஓரத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஜெயராணி, சோர்ன்னா என்ன, எரண்ட்ன்னா என்ன, வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்."

"ரெண்டுமே சின்னச் சின்ன வேலைதான் சார்."

"இப்டித்தான் எல்லாரும் சொல்றாங்க. தப்பு. பாத்திரம் கழுவுறது, வீடு கூட்டுறது, துணி மடிக்கிறது, தெனமும் செஞ்சாகணும், சலிப்பா இருக்கும், அது சோர். எரண்ட் அப்டி இல்ல. ஒரு காரியமா வெளிய போகணும், முடிக்கணும், திரும்பி வரணும். தனக்காகவும் போகலாம், இன்னொருத்தருக்காகவும் போகலாம். 'ரன்'னுங்கிற வெர்ப் அதோட சேந்து வரும். வார்த்தைய தெரிஞ்சிக்கிட்டா பத்தாது, யூசேஜ் தெரியணும்."

நல்ல விளக்கம்தான். குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கும் என் வகுப்பில் மாணவர்கள் கேட்டால் இதையேதான் சொல்கிறேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. டிராயரைத் திறந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"எக்ஸாம்பிள் வேணுமில்ல? வீட்டுல மேடத்துக்கு பிரஷர் மாத்திரை தீந்துபோச்சி. சின்ன எரண்ட்தான், ஜெயராணி."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் மருந்துக் கடை தேடி, வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது என் குறிப்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன. மேலே ஒரு டீ கிளாஸ் உட்கார்ந்திருந்தது.

2. யூசேஜ்

அதற்குப் பிறகு அந்த வார்த்தையின் பயன்பாட்டை நான் கடலூர் வீதி வீதியாகக் கற்றேன். பேங்க்கில் பாஸ்புக் என்ட்ரி போட்டு வருவது, டெய்லரிடம் அவர் மகளின் பிளவுஸை வாங்கி வருவது, கேஸ் ஏஜென்சிக்குப் போய் சிலிண்டர் ஏன் வரவில்லை என்று கேட்டு வருவது.

"சார், அதெல்லாம் போன்லயே புக் பண்ணிடலாம்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

"பண்ணலாம். ஆனா நேர்ல ஆள் போனா அதுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல?" என்றார். ஆள் என்றால் நான்.

பண்ருட்டிக்குப் போய்ப் பலாப்பழம் எடுத்து வந்த கதையும் உண்டு. முள் குத்தக் குத்த அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த ஒரே ஆங்கில இலக்கிய ஆராய்ச்சியாளர் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். கண்டக்டர் பழத்துக்கும் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

எல்லாவற்றையும்விட எரிச்சலானது மீன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்து போன் வரும்.

"நல்ல வஞ்சிரமா பாத்து வாங்கிட்டு வந்துடுங்க. நீங்க ஓல்டு டவுன்காரவங்க, சர்ச்சுக்குப் போறவங்க வேற, மீன் விஷயம் ஒங்களுக்குத் தெரியாததா?"

என் அப்பா கணக்கு வாத்தியார். எனக்கு வஞ்சிரத்துக்கும் பாறை மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஓல்டு டவுனில் வீடு, கழுத்தில் சிலுவை, ஆகவே மீன்! என்ன ஒரு ஆராய்ச்சி மூளை! துறைமுகத்தில் மீன் விற்ற அம்மாளிடமே கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

"யாருக்கும்மா இது? பட்டுப் பொடவையோட வந்து நிக்கிற?"

"எங்க சாருக்குங்க."

"ஏன், அவுருக்குக் காலு வராதா?"

வீட்டில் என் கணவர் பீட்டரும் அதையே வேறு மாதிரி கேட்டார். "நீ பிஎச்.டி. பண்றியா, அவுரு வீட்டுக்கு வேல பண்றியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு, நான் தெரிஞ்சிக்கிறேன்."

தமிழில் இதற்கு எடுபிடி வேலை என்று பெயர். எடுபிடி என்று யாராவது நம்மைச் சொன்னால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அதையே எரண்ட் என்று சொன்னால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஆகிவிடுகிறது. சொல்கிறவருக்கும் கூச்சமில்லை, கேட்கிறவருக்கும் வலி தெரிவதில்லை. அகராதியில் இந்த வார்த்தைக்கு மேலும் கீழும் கிடையாது. எங்கள் கல்லூரியில் அது மேலேயிருந்து கீழே மட்டும்தான் வந்தது. ஒரு ஸ்காலர் தன் கைடிடம் போய், "சார், எனக்கு ஒரு சின்ன எரண்ட்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

என்னோடு இன்னொரு ஸ்காலர் இருந்தார். சேகர், மங்கலம்பேட்டைக்காரர். சார் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்துக் கொடுத்து, ஆள் வராத நாளில் தானே ஏணியில் ஏறியவர்.

"எல்லாரும் பண்றதுதான் மேடம்" என்பார். "நம்ம சாரே அவுரு கைடு வீட்டுல மாடு கறந்து குடுத்தாராம்."

"அதுக்கு?"

"அதுக்கென்ன, நாளைக்கு நாமளும் கைடு ஆவோம்ல?"

அந்த நம்பிக்கையைக் கேட்டதும் எனக்கு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சரி, பிடிக்கவில்லை என்றால் ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். கையெழுத்துக்காகத்தான். ஆய்வேட்டின் ஒவ்வொரு பிரதியிலும் முன்பக்கத்தில் கைடின் சான்று இருக்கும். அதில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை வாங்கும். அந்த வருஷம் எங்கள் நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. கல்லூரி திறப்பதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காதவர்களுக்கு வேலை இல்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். பீட்டரின் போட்டோ ஸ்டூடியோ, ஆளாளுக்கு போனில் கேமரா வந்த பிறகு படுத்துவிட்டது.

நான் ஆய்வேட்டை எழுதி முடித்து, பைண்டிங் செய்து, எல்லாப் பிரதிகளையும் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். ஆங்கில நாவல்களில் வரும் வேலைக்காரப் பெண்களைப் பற்றிய ஆய்வு அது. சிரிக்காதீர்கள்.

"வெச்சிட்டுப் போங்க. பாத்துட்டுப் போட்டுத் தரேன்" என்றார். பார்க்கவும் இல்லை, போடவும் இல்லை. கோடை விடுமுறை கரைந்துகொண்டிருந்தது.

3. சிதம்பரத்துக் கட்டு

அந்த நேரத்தில் சார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகைகள் அச்சாகி வந்ததும் எங்களைக் கூப்பிட்டார். பத்திரிகைகளை ஊர் வாரியாகக் கட்டி வைத்திருந்தார். பண்ருட்டி, திருவதிகைப் பக்கம் சேகருக்கு. சிதம்பரம் எனக்கு.

"இத முடிச்சிட்டு வாங்க ஜெயராணி. திங்கக்கெழம கையெழுத்துப் போட்டு வெச்சிடறேன்."

கட்டைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு பத்திரிகை மேல் ராஜமாணிக்கம் என்று பெயர். மேடத்தின் கூடப் பிறந்த அண்ணன். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன்.

எந்தச் சாதியாக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும் நம் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். தூரத்து மனிதர்களுக்குத் தபாலில்கூட அனுப்பலாம். தாய்மாமன் வீட்டுக்குப் புருஷன் பெண்டாட்டி ஜோடியாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகை வைக்க வேண்டும். அவர் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி மாலை போட்டால்தான் மற்றதெல்லாம்.

"சார், இது மேடத்தோட அண்ணன் வீடாச்சே. நீங்க ரெண்டு பேரும் போக வேணாமா?"

"மச்சான்கிட்ட போன்ல பேசிட்டேன். இந்தக் காலத்துல தட்டு, தாம்பாளமெல்லாம் யாரு பாக்குறா? எல்லாம் ஃபார்மாலிட்டி. குடுத்துட்டு வர வேண்டியதுதான். சின்ன எரண்ட்."

வாத்தியாருக்கு இங்கிலீஷ் தெரிந்த அளவுக்கு மச்சானைத் தெரியவில்லை.

சிதம்பரத்தில் மற்ற வீடுகளில் ஒன்றும் தகராறு இல்லை. "அப்டி வெச்சிட்டுப் போம்மா" என்றார்கள். ராஜமாணிக்கம் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். கீழவீதிப் பக்கம் பெரிய இரும்புக் கடை வைத்திருப்பவர். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"யாரும்மா நீ?"

"புருஷோத்தமன் சார்கிட்ட ஆராய்ச்சி பண்றேங்க. கல்யாணப் பத்திரிகை கொண்டாந்திருக்கேன்."

என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மாப்ள எங்க? கார்லயே ஒக்காந்திருக்காரா?"

"இல்லைங்க. நான் மட்டுந்தான் வந்தேன்."

"தங்கச்சி?"

"அவுங்களும் வரலைங்க."

நான் நீட்டிய பத்திரிகையை வாங்காமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தாய்மாமன் ஊட்டுக்குப் பத்திரிகைய ஆளுகிட்ட குடுத்தனுப்புறாரா? ஏண்டி, கேட்டியா கதைய!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "பட்டம் கட்ட நான் வேணும், சீர் செய்ய நான் வேணும், பத்திரிகை வெக்க மட்டும் ஆளு போதுமா? இத அப்டியே எடுத்துக்கினு போ. ராஜமாணிக்கம் வரமாட்டான்னு சொல்லு."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மரியாதையைப் பற்றி அவ்வளவு பேசின மனுஷன், வெயிலில் வந்து நின்றவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொல்லவில்லை.

கடலூர் திரும்பி நடந்ததைச் சாரிடம் சொன்னேன். மனுஷன் என் மேல் பாய்ந்தார்.

"நீங்க போயி என்ன ஒளறுனீங்க? பக்குவமா பேசத் தெரியாதா? ஒரு எரண்ட்ட ஒழுங்கா முடிக்கத் தெரியல, இதுல டாக்டர் பட்டம் ஒரு கேடா?"

மேசையில் இருந்த என் ஆய்வேட்டுக் கட்டைக் கையால் ஒதுக்கித் தள்ளினார். "எடுத்துக்கிட்டுப் போங்க. மொதல்ல மச்சான் விஷயத்தச் சரி பண்ணுங்க. அப்பறம் பாப்போம் கையெழுத்து."

எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் பயம் வந்தது. அடுத்த மாசம் அரிசிக்கு என்ன செய்வது?

4. வாசலில் வந்து நின்றவர்

சில நாள் கழித்து எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. பீட்டர் கதவைத் திறந்தார். சாரும் மேடமும். என் வீடு எங்கே இருக்கிறது என்று அதுவரை அவர் கேட்டதுகூட இல்லை.

ராஜமாணிக்கம் தங்கைக்கு போன் செய்து காய்ச்சி எடுத்துவிட்டாராம். தானே நேரில் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வந்ததாகச் சார் மேடத்திடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. மேடத்தின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் தட்டோட போறோம்மா" என்றார் மேடம். "ஆனா அண்ணன் ஒன்னையும் கூட்டிட்டு வரச் சொல்றாரு. அந்தப் பொண்ணு எந்தப் பத்திரிகைய எடுத்துட்டு வந்துச்சோ, அதே பத்திரிகைய அது கண்ணு முன்னாடி மாப்ள வெக்கணுமாம். இல்லன்னா கல்யாணத்துக்கு வரமாட்டாராம்."

சார் தொண்டையைச் செருமினார். "அங்க வந்து ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும் ஜெயராணி. சார் நேர்ல வர்றதாத்தான் இருந்தாரு, நாந்தான் தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன்னு."

அடப்பாவி மனுஷா! கல்யாணம் அவர் வீட்டில், தப்பு அவருடையது, அதைச் சுமக்கிறதுக்கும் ஆள் நான்.

"வரேன் சார். ஆனா பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். உள்ளே போய் ஆய்வேட்டுப் பிரதிகளைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் அடுக்கினேன். "அதுக்கு முன்னாடி இதுல கையெழுத்துப் போட்டுடுங்க."

"திங்கக்கெழம காலேஜ்ல வெச்சி..."

"இங்கியே போட்டுடுங்க சார்."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் அவர் பாக்கெட்டைப் பார்த்தார். "பேனாதான் இருக்கே. போடுங்க."

போட்டார். தலைப்பை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார் என்று நினைக்கிறேன். புருவம் மேலே போய் இறங்கியது. நான் ஒவ்வொரு பிரதியையும் திருப்பிப் பார்த்து, பீட்டரிடம் கொடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

5. முடியாதுங்க

ராஜமாணிக்கம் வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தம் கூடியிருந்தது. வேடிக்கை பார்க்கத்தான். சார் தட்டோடு நின்றார்.

"இருங்க மாப்ள" என்றார் ராஜமாணிக்கம். "மொதல்ல இதச் சொல்லுங்க. இந்தப் பொண்ணு ஒங்களுக்கு யாரு?"

"என்னோட ஸ்காலர் மச்சான்."

"ஸ்காலரு எதுக்குக் கல்யாணப் பத்திரிகை தூக்கினு வருது?"

"அது... சும்மா ஒரு எரண்ட்..."

"அப்டின்னா இன்னா? நாங்க இரும்பு விக்கிறவங்க. புரியிற மாதிரி சொல்லுங்க."

சார் தட்டை மாற்றிப் பிடித்தார். "சின்ன வேலைன்னு அர்த்தம் மச்சான்."

"எம்மூட்டுக்குப் பத்திரிகை வெக்கிறது ஒங்களுக்குச் சின்ன வேலையா?"

சார் என்னைப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவரே, "தப்புதான் மச்சான், மன்னிச்சிடுங்க" என்று சொல்லித் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். ராஜமாணிக்கம் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டு வாங்கினார். பிறகு என்ன, சிரிப்பு, கும்மாளம், காபி.

எனக்கும் காபி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், மனசு குளிர்ந்து போயிருந்தது. என் பக்கமாக ஒரு மனுஷன் கேட்டுவிட்டானே என்று இருந்தது. ராஜமாணிக்கத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

கிளம்பும்போது அவர் உள்ளே போய் ஒரு பெரிய துணிப்பையோடு வந்தார். நேராக என்னிடம் வந்து நீட்டினார்.

"இந்தாம்மா. எம் மக புதுப்பாளையத்துல இருக்கா. வடகம், ஊறுகா, ரெண்டு தேங்கா இருக்கு. போற வழியில குடுத்துட்டுப் போயிடு."

"மேடமும் கடலூருக்குத்தானேங்க போறாங்க?"

"கல்யாணம் வெச்சிருக்கிறவங்க பையத் தூக்கினு ஊடு ஊடா அலைவாங்களா? ஒனக்கு இதெல்லாம் பழக்கந்தான?"

அவர் முகத்தில் துளி கெட்ட எண்ணம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அரை மணி நேரம் அந்தக் கூடத்தில் நடந்த பஞ்சாயத்து முழுக்க அவருடைய மரியாதைக்குத்தான். என்னை வரச் சொன்னதும் சாரைத் தலைகுனிய வைக்கத்தான். இது அந்தப் பை முகத்துக்கு நேரே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"முடியாதுங்க" என்றேன்.

"இன்னாது?"

"முடியாதுங்க. நான் எடுத்துட்டுப் போக மாட்டேன்."

பை அவர் கையில் தொங்கியபடியே நின்றது. சார் என்னவோ பேய் பிடித்தவளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். மேடம்தான் எழுந்து வந்தார். "குடுண்ணா, நான் குடுத்துடறேன். ஒம் மக வீடு எங்க வீட்டுக்கு அடுத்த தெருதான்."

அவ்வளவுதான். பை போய்ச் சேர்ந்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் சாரின் காருக்குக் காத்திருக்காமல் பஸ் ஏறிக் கடலூர் வந்தேன். திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். வேலை நிலைத்தது. புருஷோத்தமன் சார் ஓய்வு பெறும்வரை என்னோடு பேசவில்லை. அதனால் என் படிப்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இப்போது நானும் கைடுதான். ஒரு பெண் போன வாரம் என் அறை வாசலில் நின்றுகொண்டு, "மேம், மார்க்கெட் பக்கம் போறேன், ஏதாச்சும் வாங்கிட்டு வரணுமா?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு வா என்றேன். முகம் வாடிவிட்டது. இவர்களை யார் இப்படிப் பழக்குகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நமக்காக யாரோ வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கேட்கிறவர் தனக்காகத்தான் கேட்பார், கேட்டு முடித்ததும் தன் பையை உங்களிடம்தான் நீட்டுவார். முடியாது என்று சொல்லுங்கள். முதல் தடவை மட்டும்தான் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.